பத்தனைக் குன்றிற் பல்துறைக் கல்வி

அட்டன் நகரிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பெருந்தெரு கொட்டகலையைக் கடந்து மேலே செல்கையிற் பத்தனைச் சந்தியை அடைகின்றது. அதற்கப்பால் டெவன் அருவி வீழும் பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய தூரமெங்கும் தேயிலை. இச்சூழலில், இலங்கைக்கும் ஜேர்மனிக்குமிடையே ஏற்பட்ட ஒத்துழைப்பின் பயனாக, 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரி எழுந்தது. ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி என இன்று வழங்கப்பெறும் அக்கல்லூரி, பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட மிகச் சிறியது. எனினும், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த இளைஞரும் யுவதியரும் பல துறைகளை ஒருங்கே கற்று, கற்று முடித்த கையோடு அரச உத்தியோகமும் பெறும் வாய்ப்பினை மலையகத்தின் நடுவிலேயே அமைத்துக் கொடுத்தமையால் அதன் வரலாறு சிறியதன்று.

பல துறைகளை இணைத்துக் கற்பதனால் விளையும் பயன் யாது என்னும் வினா இன்று உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்படுகின்றது. ஒரே துறையை ஆழ்ந்து கற்றவன் அத்துறைக்குரிய தொழிலைத் தேடிச் செல்வான். மூன்று நான்கு துறைகளைக் கலந்து கற்றவனை எத்தொழில் தேடிவரும் என்று பெற்றோர் கேட்கின்றனர். மலையகத்தில் இது வெறும் தத்துவ விசாரமன்று. லயத்துக் காம்பராவில், ஒரே விளக்கின் கீழே பிள்ளையை உயர்தர வகுப்புவரை படிக்கவைத்த குடும்பம், அப்படிப்பு முடிவுறும் நாளில் ஒரு சம்பளத்தை எதிர்பார்க்கின்றது. எதிர்பார்ப்பதிற் பிழையுமில்லை. ஆதலின் பல்துறைக் கல்வியின் பெருமையை அறிஞர் அவையில் நிலைநாட்டுதல் எளிது. லயத்து வாசலில் நிலைநாட்டுதலே அரிது.

இவ்வருமையை உணர்தற்குத் தோட்டப் பாடசாலையின் பழைய நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பினை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் துரைமார்மேற் சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்திற்று. சட்டம் இவ்வாறிருப்பினும், நடைமுறையில் எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிக்கூடங்களே. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள். ஐந்துக்கும் ஒருவரே ஆசிரியர். எழுத்தும் எண்ணும் சமயமும் சுகாதாரமும் அவர் வாய்மொழியாலேயே பிள்ளைகளை அடைந்தன. பல்துறைக் கல்வி என்னும் பெயரை அறியாமலே அவர் பல்துறை ஆசிரியராயிருந்தார். வேறு ஆசிரியரை நியமிக்கத் தோட்டம் முன்வராமையே அதற்குக் காரணம். அவருக்குப் பயிற்சியளிக்க யாருமில்லை. அவரது ஊதியமும் தோட்டக் கணக்கிலேயே எழுதப்பட்டது.

1945ஆம் ஆண்டு முதல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதன் முழுப்பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. மூன்றாண்டுகளின் பின் வந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. கல்விக்கும் உத்தியோகத்துக்குமுள்ள தொடர்பு இதனால் அறுபட்டது. அரச சேவை குடிகளுக்கே உரியதாயிருந்தமையால், தோட்டத்துப் பிள்ளை எத்துணைப் படித்தாலும் அரச பாடசாலையில் ஆசிரியனாதல் அரிதாயிற்று. 1964, 1974ஆம் ஆண்டுகளின் இந்திய–இலங்கை உடன்படிக்கைகளாற் பலர் தாயகம் என்று பெயரளவில் மட்டுமே அறிந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 1988ஆம் ஆண்டின் சட்டத்தாற் பெரிதும் நீங்கி, 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. இவ்விடைக்காலத்திற் கல்வியைக் கைவிடாது காத்த மலையக ஆசிரியரின் பணி தனி நூலுக்குரியது. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராய், 1947ஆம் ஆண்டிற் பாராளுமன்ற உறுப்பினராய், தொழிற்சங்கவாதியாய், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய படைப்பாளியாய், நாட்டார் பாடல்களைத் தொகுத்தவராய் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டுகளில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியிற் கற்பித்த இர. சிவலிங்கம், பாடத்தோடு சமூக உணர்வையும் ஊட்டி ஒரு தலைமுறை எழுத்தாளரையும் ஆசிரியரையும் உருவாக்கினார். பல்துறை அறிவு இவர்களிடம் இருந்தது. அதனைக் கற்பிக்கும் நிறுவனந்தான் மலையகத்தில் இருக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு மாறின. பள்ளிகள் கிடைத்தன, ஆசிரியர் கிடைக்கவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டோர் குளிருக்கும் தொலைவுக்கும் அஞ்சி இடமாற்றம் பெற்றுச் சென்றனர். அங்ஙனஞ் சென்றோரைக் குறைகூறுவதிற் பயனில்லை. மலையேறி நான்கு மைல் நடந்து பள்ளியை அடைந்து, மாலையில் தங்க இடமின்றித் தவிப்போர் எத்துணைக்காலம் பொறுப்பர்? ஆகவே தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரைத் தொகுதி தொகுதியாக ஆசிரியராக நியமிக்கும் முறை 1980ஆம் ஆண்டுகளிற் கைக்கொள்ளப்பட்டது. அவருட் பெரும்பாலோர் முதலில் வகுப்பறையினுட் புகுந்து, பின்னரே ஆசிரிய கலாசாலைகளுக்குப் பயிற்சிக்காகச் சென்றனர். நீந்தக் கற்குமுன்னே ஆற்றில் இறக்கப்பட்டவரின் நிலை அது. இம்முறையை மாற்றி, முதலிற் பயிற்சி, பின்பே நியமனம் என்னும் நெறியை 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் நாடெங்கும் வகுத்தது. அந்நெறி மலையகத்தை அடைந்த இடமே பத்தனை.

கல்வியியற் கல்லூரியின் கற்கை மூன்றாண்டுக் காலத்தது. முதலிரண்டு ஆண்டுகளும் விடுதியில் உறைந்து கற்றல்; மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் கட்டுறு பயிற்சி. முடிவிற் போதனாவியற் தேசிய டிப்ளோமா வழங்கப்படும். கணிதம், விஞ்ஞானம் போன்ற தனிப்பாட நெறிகளும் இத்தகைய கல்லூரிகளில் உள்ளனவெனினும், பல்துறைக் கல்வியின் இயல்பை முழுமையாகக் காணத்தக்கது ஆரம்பக் கல்வி நெறியே. அந்நெறியைப் பயிலும் மாணவர் தாய்மொழி, கணிதம், சுற்றாடல், சமயம், அழகியல், உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்கும் முறைகளையும், அவற்றுக்கு அடிப்படையாகக் குழந்தை உளவியல், கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல், மதிப்பீடு ஆகியவற்றையும் ஒருசேரக் கற்கின்றனர். உயர்தரத்திற் கலைப்பிரிவிலே தேறியவருக்குக் கணித வகுப்பும், விஞ்ஞானப் பிரிவிலே தேறியவருக்குக் கூத்தும் பாட்டும் முதலிற் கடினமாகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும் ஆறு வயதுப் பிள்ளை தன் அறிவைப் பாடவேளைகளாகப் பகுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவதில்லை. அதனைக் கற்பிப்பவர் பகுத்துக் கற்பிக்க முற்படின் பிள்ளைதான் குழம்பும்.

இக்கருத்தையே 1999ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் மேற்கொண்டது. முதலாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம்வரையுள்ள கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டு, விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் வயதுக்கேற்ற அளவிற் கலக்கப்பட்டன. சிறு வகுப்புகளில் விஞ்ஞானமும் சமூகக்கல்வியும் சுகாதாரமும் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் ஒரே பாடத்தினுள் அடங்கின. பாடநூல் ஒன்றே, சுற்றாடலோ இடத்துக்கிடம் வேறு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பனையும் கிணறும், மட்டக்களப்புப் பிள்ளைக்கு வாவியும் வயலும் எவ்வாறோ, அவ்வாறே மலையகப் பிள்ளைக்குத் தேயிலைத் தூரும் ஸ்டோரும். அவற்றைப் பாடமாக்கும் வல்லமை ஆசிரியரிடமே தங்கியுள்ளது.

கொழுந்து நிறுக்கும் இடத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அக்காட்சி புதிதன்று. பள்ளி விட்டு வரும் வழியில் தாய் நிறுவைக்கு நிற்பதை அது நாள்தோறும் காண்கின்றது. ஒரு பெண் காலையில் 7 கிலோவும் நண்பகலில் 6 கிலோவும் மாலையில் 8 கிலோவும் நிறுத்தாளெனக் கொள்க. கூட்டல் 21 ஆகும். சாக்கின் பாரத்துக்கும் மழைநீருக்குமென நிறுவை ஒன்றுக்கு ஒரு கிலோ கழிக்கப்பட்டால் 18 எஞ்சும். மூன்றாந் தரத்துக் கணிதம் இவ்வளவே. ஆனால் இலையில் ஒட்டிய நீரின் பாரம் எவ்வளவு, அதனை அறிவது எவ்வாறு என்று ஆசிரியர் வினவுவாராயின், பிள்ளைகள் ஒரு பிடி கொழுந்தை ஈரத்தோடு நிறுத்தும் துணியால் ஒற்றி நிறுத்தும் பார்ப்பர், அது விஞ்ஞானம். பசுங்கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ சேர்ந்தே ஒரு கிலோ தேயிலைத் தூளாகின்றது; எஞ்சிய பாரம் எங்கே போயிற்று என்னும் வினா வாட்டுதலையும் அரைத்தலையும் உலர்த்துதலையும் நோக்கி இட்டுச்செல்லும். நிறுவைப் பதிவேட்டைப் படித்துக் காட்டுதல் மொழிப் பாடம். கழிவு உண்மை ஈரத்துக்கு ஏற்றதா, மிகையா என்று எண்ணுதல் எந்தப் பாடத்தில் அடங்கும்? அது பாடநூலில் இல்லை. ஆயினும் கூட்டலும் கழித்தலும் அறிந்த பிள்ளை தாயின் துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும்; தன் உழைப்பின் கணக்கைப் பிறர் சொல்ல மட்டுமே கேட்டுவந்த குடும்பத்தில் அது சிறு நிகழ்ச்சியன்று.

இத்தகைய பாடத்தை அமைத்தற்கு ஆசிரியர் நான்கு துறைகளிலும் பண்டிதராதல் வேண்டுவதில்லை. ஒவ்வொரு துறையும் எவ்வினாவைக் கேட்கும், எதனைச் சான்றாக ஏற்கும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு பெருங்கூட்டத்தில் விரிவுரை கேட்டு வருவதன்று. சிறிய கல்லூரியின் பயன் இங்குதான் தெளிவாகின்றது. கணித விரிவுரையாளரும் சித்திர விரிவுரையாளரும் ஒரே மாணவரை அறிவர். பயிற்சிப் பாடத்தை ஒருவர் மேற்பார்வை செய்து கூறும் குறை மற்றவர் செவிக்கும் எட்டும். விடுதி வாழ்க்கையில் ஒருவர்க்கு வராத கணக்கை மற்றொருவர் இரவில் விளக்குவர். அவருக்கு வராத பாட்டை இவர் பாடிக் காட்டுவர். நுவரெலியா, பதுளை, கண்டி முதலிய மாவட்டங்களின் மாணவர் ஒருங்கே உறைவதால், ஒரு தோட்டத்தின் வழக்கு மற்றைத் தோட்டத்தின் வழக்கோடு ஒப்புநோக்கப்படுதலும் உண்டு. சிறுமைக்குரிய குறைகளும் இல்லாமலில்லை. நூலகமும் ஆய்வுகூடமும் பல்கலைக்கழக அளவினவல்ல. ஒரு துறைக்குரிய விரிவுரையாளர் ஓய்வுபெற்றாலோ மாற்றம் பெற்றாலோ அத்துறையே தளர்ந்துபோம்.

இனி உத்தியோகத்தை நோக்குவது பொருத்தம். டிப்ளோமா பெற்றவர் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் பெறுகின்றனர். பட்டதாரிகளின் நிலையோடு ஒப்பிட இதன் அருமை விளங்கும். பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் மூன்று பாடங்களைக் கற்றுப் பொதுக்கலைப் பட்டம் பெறுவோரும் ஒருவகையிற் பல்துறைக் கல்வி பெற்றோரே. ஆனால் அப்பட்டத்தின் முடிவில் அவர்களுக்கென்று ஒரு கதவு திறந்து வைக்கப்படவில்லை. பட்டதாரி நியமனத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் பலர். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளியைச் சிறிதளவால் இழந்து கல்வியியற் கல்லூரியிற் சேர்ந்தவர், அப்புள்ளியைப் பெற்றுப் பட்டமும் பெற்ற தோழருக்கு முன்னரே சம்பளம் பெறும் விந்தை மலையகத்தில் அறியாததன்று.

நியமனத்தோடு கல்வி முடிந்துவிடுவதுமில்லை. ஆசிரியராயிருந்தவாறே திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ கல்விமாணிப் பட்டம் பெறலாம். அதன்பின் ஆசிரிய ஆலோசகராதல், போட்டிப் பரீட்சை எழுதி அதிபர் சேவைக்கோ கல்வி நிருவாக சேவைக்கோ செல்லுதல் ஆகிய வழிகள் உள. கொழுந்து பறிக்கும் தாயின் மகள் வலயக் கல்வி அலுவலகத்தில் அமர்ந்து பாடசாலைகளை மேற்பார்வை செய்தல், 1948ஆம் ஆண்டில் எவரும் கற்பனை செய்திராத ஒன்று.

ஆயினும் இவ்வெற்றியினுள்ளே ஓர் இடர் பொதிந்துள்ளது. பத்தனையிற் பல்துறைக் கல்வி தழைத்தமைக்குக் காரணம் அதன் முடிவில் ஓர் உத்தியோகம் கட்டிவைக்கப்பட்டிருந்தமையே. அக்கட்டு இல்லாதவிடத்து அக்கல்விக்கு நேர்வது யாதென்பதை, மலையக மக்களின் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த மதுரைச் சீமையிலேயே காணலாம். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தை 1947ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும், சாந்திநிகேதனிற் பயின்றவரான ஜி. இராமச்சந்திரனும் நிறுவினர். அங்கே 1956ஆம் ஆண்டில் இந்திய அரசின் திட்டப்படி ஒரு கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கிற்று. வேளாண்மை, கூட்டுறவு, சுகாதாரம், சமூகவியல் ஆகியவற்றைக் கிராமத் தொண்டோடு இணைத்துக் கற்பிக்கும் அதன் கிராமசேவை டிப்ளோமா கருத்தளவிற் சிறந்ததே. எனினும் பெற்றோரும் மாணவரும் கேட்டது, இது பட்டத்துக்கு நிகரா என்பதையே. கிராமத்துக்குப் பணியாற்றவென வகுக்கப்பட்ட கல்வி, கிராமத்தைவிட்டு வெளியே செல்லும் உரிமையை மாணவனுக்கு மறுக்கின்றதோ என்னும் ஐயம் எளிதில் அகலவில்லை. 1976ஆம் ஆண்டில் அந்நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து பட்டங்களை வழங்கத் தொடங்கியபின்னரே அதன் நிலை உறுதிபெற்றது.

இலங்கையிலும் இத்தகைய ஓர் அனுபவம் உண்டு. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுந்த இளைஞர் கிளர்ச்சி, படித்தோரின் வேலையின்மையை நாட்டுக்கு உணர்த்திற்று. அதே ஆண்டிற் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பிலே டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த குழு, நாட்டின் கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள முரண்பாட்டை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்திற் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவை ஒரே விஞ்ஞானப் பாடமாகவும், வரலாறும் புவியியலும் குடியியலும் சமூகக்கல்வியாகவும் இணைக்கப்பட்டன. அவற்றோடு, பாடசாலை அமைந்த பகுதியின் தொழிலைத் தழுவிய தொழில் முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. 1977ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தின் பின் அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டதெனினும், இணைந்த விஞ்ஞானம் நிலைத்துவிட்டது. தொழில் முன்னிலைப் பாடம் நிலைக்காமைக்குக் காரணம் பலவாறு கூறப்படும். தோட்டத்தில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காரணம் வெளிப்படை. அப்பகுதியின் தொழில் தேயிலை. தேயிலையிலிருந்து விடுபடுதற்கே பிள்ளை பள்ளிக்கு அனுப்பப்படுகின்றது. அப்பிள்ளைக்குப் பள்ளியிலும் கவ்வாத்தைக் கற்பிக்கும் பாடத்தை எந்தத் தாய் விரும்புவாள்?

இவ்வெறுப்பு நியாயமானதே. ஆனால் அதனால் ஓர் உண்மை மறைந்துவிட்டது. தேயிலையை உழைப்பாக மட்டும் அறிந்த சமூகம், அதனை அறிவுத் துறையாக அறியும் வாய்ப்பைப் பெறவில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டு, பின்னர்த் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. பத்தனையிலிருந்து சில மைல் தொலைவிலேயே அது உள்ளது. 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பீடித்தபோது, அதனை வெல்லுதற்குத் தாவரவியல் மட்டும் போதவில்லை. நோயை விளைவிக்கும் பூஞ்சணத்தின் வித்திகள் ஈரமான இளந்தளிரிலே முளைக்கும், வெயிலில் அழியும். ஆகவே மருந்து தெளிக்கும் நாளைக் கணிக்க வானிலையியலும், செம்பு கலந்த மருந்தை அமைக்க இரசாயனமும், தெளிக்கும் செலவு விளைச்சலுக்குத் தகுமோ என்றறியப் பொருளியலும், நோய்க்குத் தாங்கும் தேயிலை இனங்களைத் தெரிவுசெய்ய மரபியலும் வேண்டியனவாயின. துறைகள் இணையும் இடத்திற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு மலையகத்தில் இல்லை. அவ்வாராய்ச்சியின் முடிவைத் தளிர் தளிராகச் செயற்படுத்தியவர் கொழுந்து பறிக்கும் பெண்களும் மருந்து தெளிக்கும் ஆண்களுமே. ஆராய்ச்சிக் கூடத்தினுள் அவர்தம் பிள்ளைகள் நெடுங்காலம் அரிதாகவே புகுந்தனர்.

2005ஆம் ஆண்டிற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இவ்வாராய்ச்சிக் கல்வியை மேலும் அணுக்கமாக்கியுள்ளது. நாட்டின் சிறிய பல்கலைக்கழகங்களுள் ஒன்றான அதில், தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்னும் பட்டநெறி உண்டு. செடியின் வளர்ப்பும் ஸ்டோரின் இயந்திரமும் சுவையின் இரசாயனமும் சந்தையின் முகாமையும் அதில் ஒன்றாகக் கற்பிக்கப்படுகின்றன. தேயிலை நிலத்திற் பிறந்தவருக்கு இதனிலும் ஏற்ற பல்துறைக் கல்வி வேறெது என்று தோன்றும். அந்நெறிக்குள் நுழைய உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிலே தேறியிருத்தல் வேண்டும், கற்பித்தல் ஆங்கிலத்தில். மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளுள் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி தரப் பாடசாலைகள் மிகச் சிலவே. ஏனையவற்றிற் கலைப்பிரிவும் வணிகப் பிரிவுமே உள. ஆகவே தேயிலைக் கல்வியின் கதவு, பிள்ளையின் விருப்பத்தாலோ அறிவாலோ அன்றி, பதினாறு வயதில் அதன் தோட்டத்துக்கு அண்மையில் எந்தப் பாடசாலை இருந்தது என்பதனால் மூடப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களுள் நுவரெலியாவுக்கும் பங்குண்டு. எனினும் விஞ்ஞானம் கற்றவரில்லையேல் விஞ்ஞானத்துக்கான ஒதுக்கீட்டாற் பயன் யாது?

இந்நிலையிற் பத்தனைக் கல்லூரியின் ஆரம்பக் கல்வி நெறி வேறொரு பொருளைப் பெறுகின்றது. கலைப்பிரிவிற் படித்தவர் மீண்டும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கையிலெடுக்க வாய்ப்பளிக்கும் கற்கை மலையகத்தில் அதுபோல வேறில்லை. அங்ஙனம் கற்றவர் தோட்டப் பாடசாலைக்குச் சென்று மூன்றாந் தரத்திற் கொழுந்து நிறுவையைக் கணக்காகவும் விஞ்ஞானமாகவும் கற்பிப்பாராயின், பத்தாண்டுகளின் பின் விஞ்ஞானப் பிரிவைத் தேடிச் செல்லும் பிள்ளை அங்கிருந்து புறப்படக்கூடும். தாம் நுழைய முடியாத கதவைத் தம் மாணவருக்குத் திறக்கும் பணி அது. ஆரம்பப் பிரிவில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பயிற்றுவதே முழுவேலையாகிவிடின் இவ்வாய்ப்பு வீணாகும். பல பாடசாலைகளில் அது வீணாகிக்கொண்டும் இருக்கின்றது.

ஆசிரியத் தொழில் ஒன்றையே நம்பியிருத்தலும் நீடிக்கத்தக்கதன்று. நியமனங்களுக்கு எல்லையுண்டு, இளைஞர் தொகைக்கு இல்லை. பல துறைகளைக் கற்றவருக்கு மலையகத்திலேயே உரிய வேறு பணிகளும் உள. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியாகத் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராக்கள் பிள்ளை அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்குப் போசாக்கும் குழந்தை உளவியலும் கணக்கும் தாய்மாரோடு பேசும் பக்குவமும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தாற் தமிழும் அரசகரும மொழியானமையால், பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் இருமொழியறிந்தோரின் தேவை மிகுந்துள்ளது. தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் முறையாகக் கற்று, சட்டத்திலும் நிருவாகத்திலும் சிறிது பழகியவர் மொழிபெயர்ப்பாளராகலாம். பட்டினத்துப் பிள்ளைக்கு மூன்று மொழியும் அணிகலன். அட்டனிலோ அவை கைத்தொழில்.

இவ்விடத்து மாணவர் உளங்கொள வேண்டுவதொன்றுண்டு. விண்ணப்பப் படிவங்கள் பாடங்களின் பெயரையே கேட்கின்றன. பாடங்களுக்கிடையேயுள்ள தொடர்பைக் கேட்பதில்லை. ஆதலாற் பல துறைகளைக் கற்பவர் அவற்றுள் ஒன்றிலேனும் சான்றிதழ் காட்டத்தக்க ஆழத்தை அடைந்திருத்தல் வேண்டும். டிப்ளோமா பெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர் கணிதத்திலோ இரண்டாம் மொழியிலோ மேலும் ஒரு தகைமையைப் பெறுவாராயின், அவரது பரந்த அறிவு அப்பொழுதே கண்ணுக்குத் தெரியும். ஒரு கிளையேனும் ஓங்கி நில்லாத மரம் தூரத்திலிருந்து பார்ப்போர்க்குப் புதராகவே தோன்றும்.

கட்டுறு பயிற்சிக்காக மூன்றாம் ஆண்டிற் பாடசாலைக்குச் செல்லும் மாணவர், இக்கல்வியின் பலத்தையும் குறையையும் ஒரே வாரத்தில் அறிந்துகொள்வர். ஆரம்பப் பிரிவுக்கென அனுப்பப்பட்டவரிடம் மேல்வகுப்பு விஞ்ஞானமும் ஒப்படைக்கப்படுதல் உண்டு. அங்கே அதைக் கற்பிக்க வேறு எவருமிரார். கல்லூரி அவரை அதற்காகப் பயிற்றவில்லை. ஆயினும் நூலை விரித்துத் தாமே முதலிற் கற்று, மறுநாள் வகுப்பிற் கற்பிக்கும் பழக்கத்தை அது அவருக்கு அளித்திருக்கின்றது.